கோபுரத்தின் அடியில் நின்றவள்

அவளைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பத்தாம் வகுப்பு பி பிரிவில் எங்களோடு படித்தவர்கள் யாராவது கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் போதும், நலம் விசாரித்த கையோடு பேச்சு அந்த விளையாட்டு விழாவுக்குப் போய்விடும். கூட்டத்தில் எங்கேயோ பின்னால் நின்று எட்டிப் பார்த்தவள்கூடக் கதை சொல்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் தோளின் மேல் கால் வைத்து ஏறினவள் நான். சொல்வதாக இருந்தால் நான் அல்லவா சொல்ல வேண்டும்?

வகுப்பில் அவளுக்கு முதலில் வைத்த பெயர் மூட்டை. கடைசி பெஞ்சில் சுவரோரமாக உட்காருவாள். முன்னால் உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர்களுக்குக் கரும்பலகை தெரியாது என்று வகுப்பு லீடர் அவளை அங்கே அனுப்பியிருந்தாள். அகலமான தோள், கனத்த கை, வாரி முடிந்த தலையில் காதோரமாக எப்போதும் கொஞ்சம் மாவு. வீட்டில் மாவு மில். காலையில் அவள் தாமதமாக உள்ளே வந்தால், லாரி வருகிற மாதிரி எல்லோரும் பெஞ்சை இழுத்து வழிவிடுவார்கள். நானும் இழுத்திருக்கிறேன். அவள் நேராகப் போய் உட்காருவாள்.

எங்கள் வகுப்பில் எதற்கெடுத்தாலும் ஒரு குழு உண்டு. சுவர்ப் பத்திரிகைக்கு ஒரு குழு, நாடகத்துக்கு ஒரு குழு, அறிவியல் கண்காட்சிக்கு ஒரு குழு. எந்தக் குழுவும் அவளைச் சேர்த்துக்கொண்டதில்லை. மேசையை நகர்த்த வேண்டுமென்றால் மட்டும் எல்லாக் குழுவும் கூப்பிடும். அவளும் போய்த் தூக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, இன்னும் ஏதாவது உண்டா என்று ஒரு நிமிடம் நின்று பார்ப்பாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் தன் பெஞ்சுக்குப் போய்விடுவாள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. விளையாட்டு விழாவின் முடிவில் பத்தாம் வகுப்புப் பிரிவுகள் ஆள்மேல் ஆள் ஏறிக் கோபுரம் கட்ட வேண்டும். எந்தப் பிரிவின் கோபுரம் நன்றாக இருக்கிறதோ அதைப் படம் எடுத்து, சட்டம் போட்டு, தலைமையாசிரியை அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் மாட்டுவார்கள். சுவர் முழுக்க அந்தப் படங்கள்தான். பி பிரிவு அந்தச் சுவரில் ஏறினதே கிடையாது. அந்த அவமானத்தை எங்களுக்கு முன்னால் படித்த அக்காமார்கள் எல்லோரும் அழகாக எங்கள் தலையில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

டிரில் மாஸ்டர் ஆள் பொறுக்க வந்தார். ஒவ்வொருத்தியின் தோளையும் இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். பாதிப் பேர் அப்படியே வளைந்தார்கள். அவளிடம் வந்ததும் அழுத்தினார், இன்னும் அழுத்தினார், கடைசியில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கியே பார்த்தார். அவள் அசையவில்லை. "யாரு இவளை மூட்டைன்னு சொன்னது? இவ தூணு" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாளே வகுப்பு முழுக்க அவள் தூண் ஆகிவிட்டாள். லீடர் தன் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கச் சொன்னாள். அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன்.

உச்சிக்கு என்னைப் பிடித்துப் போட்டார்கள். வகுப்பிலேயே நான்தான் குட்டை, நான்தான் ஒல்லி. பெயரே குருவி. எனக்குச் சம்மதமா என்று ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை. மாடிப்படியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவள் நான். முடியாது என்று கத்தினேன். அதற்குள் செய்தி வீட்டுக்குப் போய், மகள் உச்சியில் நிற்கப் போகிறாள் என்று அப்பா தன் ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். பிறகு எங்கே தப்பிக்கிறது?

கோபுரம் இப்படி. அடியில் ஆறு பேர் வட்டமாக, முகம் உள்பக்கம் பார்க்க, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு நிற்பார்கள். அவர்கள் தோளின் மேல் மூன்று பேர் ஏறி, அதே போலக் கைகோத்து நிற்பார்கள். அந்த மூவரில் ஒருத்தி லீடர். எல்லோருக்கும் மேலே நான். நான் ஏறுகிற வழி தூணின் உடம்புதான். அவள் மடக்கின தொடையில் ஒரு கால், இடுப்பில் ஒரு கால், பிறகு தோள், அங்கிருந்து லீடரின் இடுப்பு, லீடரின் தோள். ஏற்கெனவே லீடரின் பாதி எடை தூணின் மேல் இருக்கும். அதோடு என் எடையும் சேரும். அந்த இடத்தில் வேறு யாரை நிறுத்தினாலும் ஆட்டம் கண்டது.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. நான் கால் வைக்கும் முன்னால் அவள் முதுகில் இரண்டு தட்டு தட்டுவேன். உள்ளேயிருந்து "ஏறு" என்று குரல் வந்தால்தான் ஏறுவேன். அவள் முகம் எனக்குத் தெரியாதல்லவா? அந்தக் குரல்தான் எனக்குத் தைரியம். தாழ்வாரத்துப் படங்களிலும் அப்படித்தான். உச்சியில் இருப்பவள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பாள். அடியில் இருப்பவர்களுக்கு முதுகு மட்டும்தான் இருக்கும். ஒருநாள் அவளிடம் அதைச் சொன்னேன். படத்தில் உன் முகமே வராதே, எதற்கு இந்தப் பாடு என்று. அவள் யோசித்துவிட்டு, தன் முதுகு தனக்குத் தெரியும் என்று சொன்னாள்.

பயிற்சி மதியச் சாப்பாட்டுக்கு முந்தின பீரியடில். வயிறு நிறைந்திருந்தால் உடம்பு கனக்கும் என்பது டிரில் மாஸ்டர் தானே கண்டுபிடித்த சாத்திரம். பயிற்சி முடிகிற வரைக்கும் பிஸ்கட்கூட வாயில் வைக்க விடமாட்டார்.

ஒருநாள் அவள் தோளில் நின்று லீடரின் கையை எட்டிப் பிடிக்கப் போனேன். என் பாதத்துக்குக் கீழே அந்தத் தோள் தொளதொளத்துப் போனது. இருட்டில் படி இருக்கிறதென்று காலை வைத்து, அங்கே படி இல்லாமல் போனால் வயிற்றில் ஒன்று திக்கென்று விழுமே, அதேதான். அடுத்த கணம் தோள் மறுபடியும் கல்லாகிவிட்டது. நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மற்றவர்கள் ஏன் இறங்கினாய் என்று திட்டிக்கொண்டே கலைந்து போனார்கள்.

அவள் குழாயடிக்குப் போனாள். பின்னாலேயே போனேன். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் குழாய் எங்கே இருக்கிறதென்று கையால் சுவரைத் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். உதட்டில் நிறமே இல்லை. என்னடி ஆச்சு என்று கேட்டதற்கு, கண் இருட்டிக்கொண்டு வந்தது, இப்போது சரியாகிவிட்டது என்றாள். முன்னாலும் வந்திருக்கிறதா என்று கேட்டேன். தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தாள்.

அதிலிருந்து எனக்கு வகுப்பில் பாடமே ஏறவில்லை. கணக்கு வாத்தியார் முக்கோணத்தை வரைந்தால் அதன் உச்சிப் புள்ளியில் நான் நிற்கிறேன். பாதம் வியர்த்துச் செருப்பு வழுக்கும். பயிற்சி மணி அடித்தால் கடைசி ஆளாகத்தான் எழுந்து போவேன். எனக்கு ஒன்று ஆகிவிடுமோ என்று மட்டும் பயமில்லை. நான் விழுந்தால் அந்த மூன்று பேரும் என்னோடு வருவார்கள், அத்தனை பேரும் அடியில் நிற்கிறவர்கள் தலையில் விழுவார்கள். கழுத்து முறிந்தவர்களைப் பற்றி எங்கோ படித்ததெல்லாம் அந்த நேரம் பார்த்து ஒவ்வொன்றாக ஞாபகம் வரும்.

ஒரு விடுமுறை நாளில் அம்மா மாவு அரைத்து வரச் சொல்லி அனுப்பினாள். தூண் வீட்டு மில்லுக்கே போனேன். தாழ்வான தகரக் கூரை. மெஷின் போடுகிற சத்தத்தில் தரையே அதிர்கிறது. சுவர், பல்பு, சிலந்தி வலை, எல்லாவற்றிலும் மாவு படிந்திருந்தது. அவள் அம்மா மெஷினின் வாய்ப்பக்கம் நின்று கைச்சாடையில் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. அவளுக்கு அப்பா கிடையாது, சின்னவளாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். தூண் தானிய மூட்டைகளை வாசலிலிருந்து முதுகில் ஏற்றி, படிப்பலகையில் ஏறி, மெஷினின் வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். விடிந்ததிலிருந்து இதே வேலை. பள்ளிக்கூடம் உள்ள நாளிலும் இதை முடித்துவிட்டுத்தான் வருவாளாம். அதனால்தான் தாமதம். நடுவில் நின்று சாப்பிட்டால் வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள் என்று சாப்பிடாமலே ஓடிவந்துவிடுவாளாம். நாங்கள் லாரி, லாரி என்று பெஞ்சை இழுத்தோமே, அந்த நேரத்தில் அவள் வயிற்றில் ஒரு வாய்ச் சோறு கிடையாது. எனக்கு என்னை நாலு அறை அறையலாம் போல இருந்தது.

பெல்ட் மாற்ற மெஷினை நிறுத்தினார்கள். அவளை வெளியே இழுத்துக்கொண்டு வந்து, உன் அம்மாவிடம் சொல்லப் போகிறேன் என்றேன். அம்மாவுக்குக் கோபுரம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னை விழ விடமாட்டேன்டி."

"நீ விடமாட்டே. மயக்கம் உன்னைக் கேட்டுட்டா வரும்?"

அவள் கையில் ஒட்டியிருந்த மாவைத் தேய்த்து உதிர்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "என்னை இது ஒண்ணுக்குத்தான்டி கூப்பிட்டாங்க. இதுவும் போச்சுன்னா நான் யார் பக்கத்துல போய் உக்கார்றது?"

அவள் அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. மாவுத் தூக்கோடு வீட்டுக்கு வந்தேன். ஆனால் அடுத்த பயிற்சி நாளில் நேராக டிரில் மாஸ்டரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். அவர் விசிலை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் அவளைக் கூப்பிட்டு, உனக்கு மயக்கம் வருகிறதா என்றார். அவள் இல்லை என்றாள். குருவி பொய் சொல்கிறாளா என்றார். அவள் என்னைப் பார்க்காமல், "அவளுக்கு ஏற பயம் சார்" என்றாள்.

மைதானமே சிரித்தது. பயம் இவளுக்கு, மயக்கம் அவளுக்கா என்று டிரில் மாஸ்டர் வேறு எடுத்துக் கொடுத்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. பயம்தான், ஆமாம், பயம்தான், அதை நான் என்றைக்கு இல்லை என்றேன்? லீடர் அன்றிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்தினாள். என்னை மாற்றவும் அவர்களால் முடியவில்லை. என்னளவு எடையில் வேறு யாரும் இல்லை. பேச மாட்டார்கள், ஆனால் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்வார்கள். நல்ல நியாயம்!

தூணிடமும் பேச்சு நின்றது. நான் முதுகில் தட்டும் முன்னாலேயே "ஏறு" என்று சொல்ல ஆரம்பித்தாள். கேட்காமல் வந்த அந்தக் குரலுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். ஆனாலும் தினமும் என் பங்கு பிஸ்கட்டை அவள் பைக்குள் திணித்துவிட்டு வருவேன். பெரும்பாலும் தின்றிருப்பாள். காலிக் காகிதம் மறுநாள் என் பெஞ்சுக்குக் கீழே மடித்துக் கிடக்கும்.

விழாவின் கடைசி நாள் வந்தது. காலையிலேயே கோபுரம் என்று சொல்லி வரிசையில் நிறுத்திவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் வந்து சேரவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. கோபுரத்துப் பிள்ளைகள் எதையும் வாயில் வைக்கக் கூடாதென்று டிரில் மாஸ்டர் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். என் பாவாடைப் பையில் பிஸ்கட் உடைந்து தூளாகிவிட்டது. கொடுக்க வழியில்லை. விருந்தினர் வந்தார், பேசினார், இன்னும் பேசினார். அவர் உட்கார்ந்தபோது எங்கள் நிழல் காலடிக்கு வந்திருந்தது. தூணின் பின்கழுத்தில் வியர்வையே இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஏ பிரிவு கட்டி முடித்துக் கைதட்டு வாங்கிக்கொண்டு போனது. எங்களை அழைத்தார்கள். பேண்டு வாத்தியம் முழங்கியது. ஆறு பேர் வட்டம் கட்டினார்கள். மூன்று பேர் ஏறி நின்றார்கள். நாற்காலி வரிசையில் அப்பா எழுந்து நின்று கையாட்டுவது தெரிந்தது. நான் தூணின் முதுகில் தட்டினேன். "ஏறு" என்றாள். இந்தத் தடவை தட்டின பிறகுதான் சொன்னாள்.

தொடை. இடுப்பு. தோள். லீடரின் இடுப்பில் ஒரு காலைத் தூக்கி வைத்தேன். மற்றக் கால் இன்னும் தூணின் தோளில். அந்தக் காலுக்குக் கீழே ஒரு நடுக்கம் கிளம்பியது. மெல்லிய நடுக்கம், நிற்காத நடுக்கம். அப்போது அடியிலிருந்து அவள் குரல் வந்தது.

"எல்லாரும் இறங்குங்க. எனக்குக் கண்ணு தெரியல."

பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி, நிதானமாகத்தான் சொன்னாள். லீடர் பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் ஒரே எட்டுதான், ஏறித் தொலை என்று என் கையைப் பிடித்து மேலே இழுத்தாள். எனக்கும் ஒரு கணம் உச்சி தெரிந்தது. கைக்கு எட்டுகிற தூரம். ஏறினால் படம், சுவர், அப்பா. கீழே அவள் மறுபடியும் சொன்னாள்: "நான் விழமாட்டேன். நீங்க மெதுவா இறங்குங்க."

லீடரின் கையை உதறினேன். வந்த வழியே இறங்கினேன். தோள், இடுப்பு, தொடை, எதுவும் அசையவில்லை. எங்கிருந்து அப்படிப் பிடித்து நின்றாளோ, இன்றைக்கு வரைக்கும் எனக்குப் புரியவில்லை. நான் இறங்கின பிறகு மேலே நிற்க அவர்களுக்கு வேலை இல்லை. மூவரும் திட்டிக்கொண்டே ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். லீடர் கடைசியாக இறங்கி, ஒரு பார்வை பார்த்துவிட்டு, அழுதுகொண்டே ஓடினாள். கூட்டத்தில் ஊளைச் சத்தம். டிரில் மாஸ்டர் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார்.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அதுதான் அவள் செய்த குற்றம். விழுந்திருந்தால் ஊரே அழுதிருக்கும், அவளுக்காக ஒரு கூட்டம் போட்டிருப்பார்கள். விழாததால் நல்ல கோபுரத்தைக் கெடுத்தவள் என்று பெயர். இன்றைக்கு அந்த மில்லை அவள்தான் நடத்துகிறாள். அந்த வகுப்புக்காரிகள் அங்கேதான் மாவு அரைக்கிறார்கள், வெளியே வந்து இதைத்தான் பேசுகிறார்கள். அத்தனை பேருடைய கழுத்தும் நேராக நிற்பது யாரால் என்று ஒருத்திக்காவது தோன்ற வேண்டுமே!

ஆனால் கடைசியில் நடந்ததை அவர்கள் யாரும் சொல்வதில்லை. பார்க்கவில்லை. வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு ஓடிவிட்டார்கள். அடியில் அவளோடு நின்ற ஐந்து பேரும் அவள் கைக்கு அடியிலிருந்து நழுவிப் போய்விட்டார்கள். அவள் போகவில்லை. மைதானத்தின் நடுவில், இரண்டு கையையும் இரண்டு பக்கமும் நீட்டி, யாரும் இல்லாத தோள்களைப் பிடித்துக்கொண்டு, தொடையை மடக்கி, அப்படியே நின்றாள். கூட்டம் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது. அவளுக்கு என்ன தெரியும்? கண் தெரியவில்லை, பேண்டுச் சத்தத்தில் காதும் பாதி அடைத்துப் போயிருக்கும்.

அவள் முன்னால் போய் நின்றேன். கண் திறந்திருந்தது, என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. காதைக் கொண்டுபோய் வைத்தேன்.

"இறங்கிட்டாங்களா?"

"இறங்கிட்டாங்கடி."

"லீடர்?"

"அவளும் இறங்கிட்டா. கையை விடு."

விடவில்லை. "குருவி? குருவி இறங்கிட்டாளா?" என்றாள்.

என் குரல்கூட அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. நீட்டின அந்தக் கையைப் பிடித்து, விறைத்த விரல்களைப் பிரித்து, என் தலைமேல் வைத்தேன். அவள் தலைமுடியைத் தடவினாள், நெற்றியைத் தடவினாள், மூக்கைத் தடவினாள். பிறகுதான் மற்றக் கையைக் கீழே இறக்கினாள்.